முதல் விண்ணப்பத்தில் நான் எழுதிய வரி

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியர் வாலேயானுவிடம் கணக்குப் படித்தவர்களே, படிக்காமலே அவரை நேசித்த அயோத்தியாப்பட்டணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

என்னை அறிவீர்கள். இக்கல்லூரித் தமிழ்ப் பண்டிதன் தங்கசாமி. சேலத்துக்குக் கலெக்டர் வந்தாலும் ஜில்லா போர்டுத் தலைவர் வந்தாலும் உபசாரப் பத்திரம் எழுதுகிறவன் நான்தான். யாரைப் புகழவும் எனக்குக் கை கூசியதில்லை. இன்று கூசுகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பேராசிரியர் டிமித்ரு வாலேயானு ருமேனியா தேசத்தவர். அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். ஒருநாள் யூத மாணவர்களை அடித்துத் துரத்த ஒரு கும்பல் அவர் வகுப்புக்கு வந்தது. இவர் கதவை மறித்து நின்றார். கும்பலுக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. இவருக்கு வேலை போயிற்று. தேசம் தேசமாக அலைந்து, 1929இல் ஒரு தோல்பெட்டியும் ஒரு மூட்டைப் புத்தகமுமாக நம் ரயிலடியில் இறங்கினார். அன்று முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு இருந்தார்.

எப்படி இருந்தார்? துரையாகவா இருந்தார்? இதோ முன்வரிசையில் இருக்கும் செல்லாயி அம்மாள் வீட்டில் குடியிருந்து, அந்த அம்மாள் கிண்டிய களியைத் தின்றார். "எங்கூர்லயும் களிதானுங்க, மக்காச்சோளத்துல கிண்டுவமுங்க" என்பார். தமிழையும் அந்த அடுப்படியில்தான் கற்றார்.

வகுப்பில் மாணவன் பலகை நிறையக் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் இவர் கேட்பது ஒரே கேள்வி: "நெசமுங்களா?" பனமரத்துப்பட்டி ஏரிக்கு அடியே கிடையாது என்று நாச்சிமுத்துக் கவுண்டர் சொன்னார். அங்கேயும் அதே கேள்வி. மறுநாள் பரிசலில் போய்க் கல்லைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்தோரு அடிங்க" என்று கவுண்டரிடம் பணிவோடு சொன்னார். என்னையும் விட்டாரில்லை. கலெக்டரை நான் கர்ணன் என்று வாசித்து முடித்ததும் அருகில் வந்து, "பண்டிதரே, நெசமுங்களா?" என்றார். "அது மரியாதைக்குச் சொல்றதுங்க" என்றேன். "மரியாதைக்கு நெசம் பத்தாதுங்களா?" என்றார். நான் சிரித்தேன். அன்று சிரித்திருக்கக் கூடாது.

1941 கார்த்திகையில், இந்தப் போரில் அவர் தேசம் எதிரிநாடு ஆயிற்று. போலீசார் வந்து எதிரிநாட்டார் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். முகாமிலிருந்து அவரை மீட்க விண்ணப்பம் எழுத வேண்டும். யார் எழுதுவது? என்னைத் தவிர யார்?

அவரைத் துரத்தியவர்கள்தாம் இன்று அந்த நாட்டை எதிரியோடு சேர்த்தவர்கள். அதை எழுதியிருந்தால் போதும். ஆனால் வேலையிலிருந்து விலக்கப்பட்டவர் என்று ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதலாமா? நம் பக்கத்தில் எழுதுவோமா? எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுதினேன்: "ருமேனிய மன்னரின் அவையை அலங்கரித்தவர், அந்நாட்டுப் படைத்தலைவர்களுக்குக் கணிதம் போதித்த ஆசான்." நாற்பத்திரண்டு பேர் படித்தீர்கள். பிரமாதம் என்றீர்கள். கையெழுத்திட்டீர்கள்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. இத்தகைய நபரை விடுவிக்க இயலாது.

அடுத்து அவரிடமிருந்தே தணிக்கை முத்திரையோடு ஒரு கார்டு வந்தது. "பண்டிதரே, விண்ணப்பத்தை இங்கே காட்டினார்கள். முதல் வரி பிழை. நான் மன்னரைப் பார்த்ததில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்." அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி எழுதினேன், உள்ளதை உள்ளபடி. முதல் விண்ணப்பத்துக்கு இது முரணாக இருக்கிறது, நாற்பத்திரண்டு பேர் உறுதி சொன்னதையே நம்புகிறோம் என்று பதில் வந்தது. மூன்றாவது எழுதினேன், நான்காவது எழுதினேன். சென்னைக்குப் போய் ஓர் அலுவலக வராந்தாவில் நான்கு நாள் நின்றேன். பொய் சொன்னபோது என்னை நம்பியவர்கள், நிஜத்தைச் சொன்னபோது உட்காரவும் சொல்லவில்லை. நான் என்ன செய்வேன்? யாரிடம் போவேன்?

இந்த மாசியில் அவர் முகாமிலேயே விஷக்காய்ச்சலில் காலமானார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவர் தேசத்தில் ஒரு தங்கை இருக்கிறார். அண்ணன் இறந்ததை அவருக்குச் சொல்லவும் நமக்கு வழியில்லை. தபால் போகாது.

சேதி கேட்ட அன்று செல்லாயி அம்மாள் என்னிடம் கேட்டார்: "அந்தக் காயிதத்துல நீங்க என்னங்க எழுதுனீங்க?" நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அம்மா, இன்று சொல்லிவிட்டேன்.

இப்போது வாசிக்கும்படி என் கையில் ஓர் இரங்கல் தீர்மானம் தந்திருக்கிறார்கள். "உலகம் போற்றும் கணித மாமேதை" என்று தொடங்குகிறது. அவைத்தலைவர் பொறுத்தருள வேண்டும்; அதை அடித்துவிட்டேன். மன்னருக்கு வேண்டியவர் என்றுதான் அரசாங்கக் கோப்பில் அவர் பெயர் இன்னும் கிடக்கிறது. அந்த வரி நீங்கும்வரை மாதம் ஒரு விண்ணப்பம் எழுதுவேன். அவர் வேலையைத் தொடர எனக்குக் கணக்குத் தெரியாது. தெரிந்தது இது ஒன்றுதான். அதற்கும் பயன் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

எழுந்து நின்று புதிய தீர்மானத்தைக் கேளுங்கள்: "டிமித்ரு வாலேயானு பன்னிரண்டு ஆண்டுகள் நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளை அடிக்க வந்தவர்களைத் தடுத்ததால் தம் நாட்டில் வேலை இழந்தவர். நம் சொல்லால் சிறையில் இருந்தார். நம்மால் அவரை மீட்க முடியவில்லை."

அந்த நாற்பத்திரண்டு பேரும் வந்து கையெழுத்திடுங்கள். இடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் செல்லாயி அம்மாள் ஒன்று கேட்பார். பேராசிரியர் கேட்ட கேள்விதான்: நெசமுங்களா?