கவரைப்பேட்டைப் போர்வைகள்

புதுத் துணியில் தைத்த போர்வை உடம்போடு ஒட்டாது, ஐயா. நாலைந்து வருஷம் உடுத்தி நைந்த புடவைதான் வேண்டும். அதை நாலாக மடித்து, உள்ளே கிழிசல்களைப் பரப்பி, நெருக்கமாகத் தையல் ஓட்ட வேண்டும். எங்கள் கவரைப்பேட்டையில், பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளையோடு திருப்பி அனுப்பும்போது தாய்வீட்டுப் புடவையில் தைத்த போர்வை ஒன்று கொடுத்தனுப்புவார்கள். அதற்கு என்னிடம்தான் வருவார்கள்.

வாங்கிக்கொள்வேன், முடிக்க மாட்டேன். ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றைத் தொடுவது என் சுபாவம். மூலையில் குவியல் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் கிணற்றடியில் முத்தம்மாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஜானகிகிட்ட துணி குடுத்தா, அந்தப் புள்ளயே மீசை வச்சிக்கினு வந்துதான் வாங்கிக்கினு போவணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. மாசி பிறப்பதற்குள் அத்தனையையும் முடித்துவிடுவது என்று அன்றே தீர்மானித்தேன். அரிசிக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற நேரம் போக, மற்ற நேரமெல்லாம் ஊசியும் கையுமாக இருந்தேன்.

என் நாத்தனார் சந்திரகலா எங்களோடுதான் இருந்தாள். பழைய துணியைப் பிரித்துக் கொடுப்பாள், நூல் கோத்துத் தருவாள். நல்ல பெண். பொங்கல் கழிந்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு முகமெல்லாம் கொப்புளம். பெரியம்மை எனக்குச் சிறுவயதிலேயே வந்து போனது; என் முகத்தழும்பைப் பார்த்தாலே தெரியும். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுப் பொருளை யாரும் வாங்கவும் மாட்டார்கள். எனக்கோ இன்னும் கொஞ்சம்தான் மீதி இருந்தது.

"வேப்பலை கட்டு அண்ணி. அம்மன் கோச்சிக்கும்," என்றாள் சந்திரகலா.

"இந்தா ஆச்சுடி. கொஞ்சம் பொறுத்துக்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் ரயில்வே வேலையாகக் கூடூர் போயிருந்தார். அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று பேசினேன்.

"ஊட்ல வேற யாரும்மா கீறாங்க?"

"நாத்தனாரு ஆரம்பாக்கம் போய்க்கிது சார்."

பாவம், நம்பிவிட்டார். உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. ஒரு சத்தம் போட்டிருக்கலாம்; போடவில்லை. அவளுக்கும் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

குளிர்கிறது என்றாள். தைத்து முடித்த போர்வையை எடுத்து அவள்மேல் போட்டேன். அந்த அளவுக்குக் கல்நெஞ்சக்காரி இல்லை நான். அடுத்தது முடிந்ததும் அதைப் போர்த்திவிட்டு, முன்னதை எடுத்து உதறி மடித்து, உரியவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். துவைத்துக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் தைப் பனியில் அத்தனை கனமான துணி சீக்கிரம் காயாது. கறை பட்ட இடத்தில் மட்டும் மேலே ஒரு துண்டு வைத்துத் தைத்தேன்.

முத்தம்மாள் என் கண்முன்னாலேயே பேரனைத் தன் வீட்டுப் போர்வையில் சுற்றினாள். "இன்னா ஜானகி, அதிசயமா கீது. நல்லா மெத்துன்னு கீதுடி," என்றாள். என் மனசு நிறைந்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது சந்திரகலா தண்ணீர் கேட்டாள். அந்த வரிசையை முடித்துவிட்டு எழுந்தேன். அதற்குள் போய்விட்டாள். அழுதேன், ஐயா. அழுதுகொண்டே மிச்ச ஓரத்தையும் முடித்தேன்.

முத்தம்மாளின் பேரன், துளசிராமன் வீட்டுக் கைக்குழந்தை, புதுவாயலுக்குப் போன தாயும் பிள்ளையும், இவர்களுக்கெல்லாம் என் போர்வையால்தான் அம்மை வந்தது என்று நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். அம்மை என்று தெரிந்தேதான் கொடுத்தேன். சந்திரகலாவைச் சாக விட்டதும் நான்தான். போர்வைகளைச் சுகாதார ஆட்கள் வாங்கிக் கொளுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். கொளுத்தட்டும். கொளுத்துவதற்கு முன்னால் யாராவது அந்தத் தையலைப் பார்த்தார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.