முதுகு நல்லா இருக்காம்

—திரும்பச் சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு?

—எத்தனை தடவை சொல்றது, எனில்தா? வேலை இல்லைன்னுட்டாங்க. விடு.

—விடுன்னா எப்படிய்யா விடறது? கொலம்பியாவுலயே பெரிய சூரிய மின்சாரப் பண்ணை, மூடற கரிச் சுரங்கத்து ஆளுங்களுக்குத்தான் முதல் இடம்னு மேடை போட்டுச் சொன்னாங்க. நானும் வெயில்ல நின்னு கை தட்டினேன். நீ என்னடான்னா இந்த வயசுல பையை மாட்டிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சில உட்காந்து தகடு மாட்டப் படிச்சே. படிப்புல பாஸ்தானே?

—பாஸ்தான். உடம்புலதான் தேறல.

—எனக்குத் தெரியும். முதுகு. சுரங்க லாரி ஓட்டிக் குலுங்கிக் குலுங்கிப் போன முதுகு. அப்பவே சொன்னேன்ல?

—முதுகு நல்லா இருக்காம்.

—என்னது?

—முதுகெலும்பு வாலிபப் பையனோடது மாதிரி இருக்காம். டாக்டர் போன்ல பாராட்டினாரு.

—விளையாடாத, எபேர். தைலம் தேச்சுத் தேச்சு என் கை ரேகை அழிஞ்சு போச்சு. குனிஞ்சு செருப்பு மாட்ட உனக்கு ஒரு ஆள் வேணும். இந்த முதுகு நல்லா இருக்குன்னு சொன்னவன் மனுஷ டாக்டரா, மாட்டு டாக்டரா?

—படம் எடுத்திருக்காங்கல்ல. படம் சொல்லுது.

—அப்ப எதுல போச்சு?

—நெஞ்சுல. ரெண்டு நுரையீரல்லயும் கரித்தூசி இறுகிக் கிடக்காம்.

—மாதாவே!

—கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

—கேக்கட்டும். ஊரே கேக்கட்டும். மருந்து என்ன குடுத்தாரு?

—மருந்து இல்லையாம். இறுகினது இறுகினதுதான். இனிமே தூசி படாம இருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம்னாரு.

—இப்படி வா. பக்கத்துல உட்காரு. உன் நெஞ்சுல காது வச்சுப் பாக்கறேன்.

—வேணாம்.

—வாய்யா.

—வேணாம்னா விடேன்! தொடாத.

—சரி, தொடல. பயமா இருக்கா? எனக்கும்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் புரியல எனக்கு. உன் லாரி கேபின்ல ஏசி ஓடும், கண்ணாடி எப்பவும் மூடியிருக்கும், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கும்னு பீத்திக்குவியே. இருபது வருஷம் உன் சட்டையத் துவைச்சவ நான். தண்ணியில அழுக்கே இறங்காது. அப்புறம் எந்த வழியா உள்ள போச்சு அவ்வளவு தூசி?

—எனக்கு என்ன தெரியும்?

—ஒரு தடவை கூட நீ இருமி நான் பாத்ததில்ல.

—எனில்தா, போதும்.

—இல்ல, நான் யோசிக்கிறேன். இரு. அழுறத அப்புறம் அழுதுக்கலாம். நீ இன்னும் சுரங்கத்துக்காரன் நீட்டின அந்த ராஜினாமாக் காகிதத்துல கையெழுத்துப் போடலதானே?

—வெள்ளிக்கிழமை போடணும்.

—போடாத! கேட்டுக்கோ. தூசி நோயின்னு நிரூபணம் ஆனவன சுரங்கத்துக்காரன் வெளிய அனுப்ப முடியாது. மூடினாலும் கடைசி வரைக்கும் அவன்தான் படி அளக்கணும். தொழிற்சங்கத்துல கரடியாக் கத்தறாங்களே, அதான் சட்டம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன். அந்தப் படத்தை நாளைக்கே போய் வாங்கிட்டு வா.

—வாங்க மாட்டேன்.

—ஏன்?

—முடியாது.

—வெக்கமா? உன் கூட்டாளிங்க எல்லாம் இல்லாத நோயத் தேடி வையேதுபார் டவுன் பூரா டாக்டர் டாக்டரா அலையறாங்க. உனக்கு வீடு தேடி வந்திருக்கு, வெக்கப்படறே. இந்த ஊர்ல இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு நினைச்சே? என் சாப்பாட்டுக் கடையில முன்னாடி நாப்பது பேரு வரிசையில நிப்பாங்க. இன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்க, அதுல ஒருத்தன் கடன். அரேப்பா ரொட்டி சுடற கல்லு கூட ஆறிக் கிடக்கு. பொண்ணு படிப்ப நிறுத்திட்டு வர்றேங்கிறா. இந்தக் கேவலமான நெஞ்சுலயாவது நமக்கு ஒரு வழி பிறக்கட்டுமேய்யா.

—வேற எதாவது வழி பாக்கலாம்.

—என்ன வழி? குழிக்குள்ள தண்ணி நிரம்பினதும் படகு விட்டு டூரிஸ்டுக்குக் காட்டலாம்னு கூட்டத்துல ஒருத்தன் சொன்னானே, அதுவா? உனக்கு இன்னும் சுரங்கம் புத்திய விட்டுப் போகல. வாசல்லருந்து மோட்டார் சைக்கிளப் பின்னாடி எடுக்க, சுரங்க லாரிக்கு அடிக்கிற மாதிரியே மூணு ஹாரன் அடிக்கிறே. முன்னாடி போக ரெண்டு ஹாரன். கோழி எல்லாம் சிதறி ஓடுது. இதுல நீ வேற வழி பாப்பியாம்.

—எனில்தா, ஒண்ணு கேக்கறேன். இந்த நோய் சுரங்கத்துல வேலை செய்யாத ஆளுக்கு வந்தா?

—வேலை செய்யாதவனுக்கு எதுக்கு வருது?

—வந்தா. தோத்துமோ மாதிரி, சுரங்கத்து மண்மேட்டுக்குக் கீழயே இருக்கிற ஊர்க்காரனுக்கு.

—ஐயோ, அவங்க கதையப் பேசாத. காலையில பெருக்கினா மத்தியானம் கருப்பு. அவங்களுக்கு வேற இடத்துல வீடு கட்டித் தர்றோம்னு பதினஞ்சு வருஷமா வாயால பந்தல் போட்டாங்க. இப்ப சுரங்கம் மூடியாச்சு, இனிமே தூசி வராது, அதனால யாரும் எங்கயும் போக வேண்டாம்னுட்டாங்களாம். அங்கயே குடியிருக்கிற என் அண்ணன் லிபார்தோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.

—அங்க ஒருத்தனுக்கு நெஞ்சு கெட்டா யாரு பாப்பா?

—யாரு பாப்பா? சம்பளப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் சட்டம். ஊர்க்காரன் இருமினா நாய் கூடத் திரும்பிப் பாக்காது. சுருட்டுக் குடிச்சே, அடுப்பு ஊதினேன்னு அவன் தலையிலயே கட்டிட்டுப் போயிடுவாங்க. நல்லவேளை, உன் பேரு பட்டியல்ல இருக்கு.

—ம்.

—ஏன் முகம் இப்படிப் போகுது? எபேர், அழுறியா? மாதாவே, இருபது வருஷத்துல உன் கண்ணுல தண்ணி நான் பாத்ததில்லையே.

—விடு.

—அழுதுடு. நான் இருக்கேன். பண்ணையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வெள்ளிக்கிழமை நானும் கூட வர்றேன். படத்த மேஜையில விரிச்சு வச்சு, இது என் புருஷன் நெஞ்சு, இதுக்கு என்ன பதில்னு நானே கேக்கறேன்.

—நீ அப்படிக் கேக்கக் கூடாது.

—கேப்பேன். என் வாய யாரு மூடறது? அதோ பாரு, அண்ணனே வர்றாரு. நல்ல நேரத்துல வந்தாரு. தோள்ல மரவள்ளி மூட்டை. நம்ம அடுப்பு எரியுதோ இல்லையோ, லிபார்தோ அண்ணன் கொல்லையில கிழங்கு மட்டும் விளையுது. சுரங்கத்துக்காரன் காசுல ஒரு பெஸோ தொடமாட்டேன்னு இன்னும் பிடிவாதம்.

—ம்.

—அந்தத் தொப்பியும் நடையும்! தூரத்துல பாத்தா நீயேதான். கல்யாணத்தன்னிக்குப் பாதிரியாரே மாப்பிள்ளைன்னு நினைச்சு அவரப் பிடிச்சு இழுத்து என் பக்கத்துல நிறுத்தினாரே, ஞாபகம் இருக்கா? கோயிலே சிரிச்சுது.

—இருக்கு.

—பரிசோதனைக்குப் போன அன்னிக்கும் உனக்குத் துணையா வந்தாரே. மீன் வாங்கப் போறேன்னாரு, வெறுங்கையோட வந்தாரு. சரி, இப்ப ஏன் மாமரத்தடியில நின்னுட்டாரு?

—மூச்சு வாங்கறாரு.

—மூட்டை கனம். போன வாரமும் அங்கதான் நின்னாரு. மூட்டைய இறக்கி வச்சுட்டு முழங்கால்ல கையூணி நிக்கிறாரு, பாவம், வயசாகுது. நீ போய் வாங்கிட்டு... இல்ல, இல்ல, நீ தூக்கக் கூடாது. நான் போறேன். விஷயத்தையும் நானே சொல்லிடறேன், அவருக்கு உன் மேல உசுரு.

—நில்லு, எனில்தா.

—கைய விடு, அவரு காத்துக்கிட்டு நிக்கிறாரு.

—என் முதுகு அன்னிக்கும் போனதுதான்.

—அதத்தானே நானும் அப்பருந்து சொல்றேன்! அந்த டாக்டருக்குக் கண்ணு...

—படம் எடுத்தா முதுகு காட்டிக் குடுத்துடும்னு என் அடையாள அட்டைய மச்சான் கையில குடுத்தேன். சட்டையக் கழட்டிட்டு மெஷின் முன்னாடி நின்னது அவருதான்.