சீவரத்தினம் சார் மறக்கவில்லை

பெயர்: ரெங்கசாமி த/பெ கன்னையா
வயது: 71
தொழில்: ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், ஓய்வு பெற்றவர். இப்போது காய்கறித் தோட்டம்.
முகவரி: அடுக்குமாடி வீடு, மூன்றாம் மாடி, மேரு, கிள்ளான்
பதிவு தொடங்கிய நேரம்: 23.05.2024, காலை 10.20
பேசிய மொழி: தமிழ்

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி இராஜம்மாவோடு குடியிருக்கிறேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் நிலையத்துக்கு வந்தேன். இதே சம்பவம் பற்றி 14.05.2024 அன்று ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் முக்கியமான பகுதி பொய். என்னை மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் எடுத்துச் சொன்னார். விளங்கியது. மாட்டிக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

இறந்துபோன சீவரத்தினம், வயது 74, மனைவியை இழந்தவர், பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருந்தவர். கிழக்குக் கரைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர், நான் அவருக்குக் கீழே தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஓய்வுக்குப் பிறகும் நான் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். "ஐசே, பென்சன் எடுத்தாச்சு, இன்னும் என்ன சார் எண்டு?" என்று கேட்பார். பழகிய வாய், மாறவில்லை.

மேருவுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சீன முதலாளியின் நிலம் சும்மா கிடந்தது. அவருடைய சம்மதத்தோடு ஓய்வு பெற்றவர்கள் ஒன்பது பேர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பயிர் செய்கிறோம். கடைசித் துண்டு எனக்கும் சீவரத்தினத்துக்கும் பொது. மரவள்ளி, வெண்டை, வாழை போட்டிருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் அவர் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வருவார், நான் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வருவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். ஆறு வருடமாக இப்படித்தான்.

சென்ற வருடம் செம்பனைத் தோட்டத்திலிருந்து காட்டுப் பன்றிகள் வர ஆரம்பித்தன. இரண்டு இரவில் எட்டு மாத மரவள்ளியைத் தோண்டித் தின்றுவிட்டன. கடையில் விற்கும் மின்வேலிப் பெட்டியை வாங்கி வைத்தோம், அந்த அதிர்ச்சிக்குப் பன்றி அசையவில்லை. அதன் பிறகு நான்தான் எங்கள் துண்டில் இருந்த கொட்டகைக்கு வரும் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கலாம் என்றேன். அது சட்டத்துக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். சீவரத்தினம் வேண்டாம் என்றார். நான் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார்.

அந்த நிபந்தனையை விளக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் காலத்தில் டோக்கன் என்று ஒன்று இருந்தது. ஒரு பகுதிக்கு ஒரே டோக்கன். அது கையில் இருக்கும் டிரைவர்தான் அந்தப் பகுதிக்குள் போகலாம். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு ரயில் உள்ளே வராது. சீவரத்தினம் பழைய பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு வட்டம் வெட்டி, ஓட்டை போட்டு, எங்கள் டோக்கனாகக் கொண்டு வந்தார். சுவிட்ச் பெட்டியைப் பூட்டினோம். பூட்டுக்கு ஒரே சாவி, அந்தச் சாவி டோக்கனில் கட்டியிருக்கும். டோக்கன் கொட்டகைக் கொக்கியில் தொங்கும். வேலிக்குள் இறங்குகிறவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவர் உள்ளே இருக்கும்வரை பெட்டியை யாராலும் திறக்க முடியாது. "கொக்கி காலி எண்டா உள்ளுக்கை ஆள் நிக்குது. விளங்குதோ?" என்றார். எனக்கு விளங்காமல் என்ன, பதினான்கு வருடம் அதைச் செய்தவன்தானே.

ஜனவரி மாதம் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. மழை பெய்த நாளில் கரண்ட் போடக் கூடாது, ஈர நிலம், பக்கத்துத் துண்டுக்காரர்கள் யாராவது தெரியாமல் வந்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். மழை நாளில்தான் பன்றி அதிகம் வரும் என்று நான் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்லவும் எனக்குக் கோபம் வந்து, "ஸ்டேஷன்ல எனக்கு உத்தரவு போட்டது போதும் சார், இங்க போடாதீங்க" என்று கத்திவிட்டேன். மூன்று நாள் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மழை நாளிலும் நான் கரண்ட் போட்டேன்.

அதன் பிறகு மார்ச் மாதம் ஒரு நாள் சீவரத்தினம் டோக்கனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்விட்டார். அவரை ஸ்டேஷனில் விட்டுத் திரும்பிவந்த பிறகுதான் கொக்கியைப் பார்த்தேன். அன்று வேலிக்குக் கரண்ட் இல்லை, பன்றி வந்து இரண்டு வரிசையை அழித்தது. மறுநாள் கேட்டதற்கு, "அடடா, மறந்து போனன்" என்று தலையில் தட்டிக்கொண்டார். ஏப்ரலில் மறுபடியும் அதே மாதிரி நடந்தது. பக்கத்துத் துண்டில் கீரை போடும் அமுதவள்ளி என்னிடம், "அண்ணே, சாருக்கு வயசாயிருச்சு லா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இது சாரின் மகள் ராஜினிக்குத் தெரிந்தால் அவரைத் தோட்டத்துக்கு விடவே மாட்டாள், சுபாங் ஜெயாவில் தன் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவாள் என்று பயந்தேன். அவரிடம் நேராகச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், அவர் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சாவியைக் கழற்றிக்கொண்டு கிள்ளானில் ஒரு சாவிக் கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று செய்துகொண்டேன். அவர் எழுந்திருப்பதற்குள் பழைய சாவியை டோக்கனில் கட்டிவிட்டேன். இரண்டாவது சாவியை என் வண்டிச் சாவிக் கொத்தில் போட்டுக்கொண்டேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் ஏன் என்று கேட்டார். அவருக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொன்று, சொன்னால் சாவியை வாங்கி உடைத்துப் போட்டிருப்பார்.

14.05.2024 செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டது. அன்று நான்கு மணிக்கு ராஜினி காரில் வந்து அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு நான் உரம் வாங்கக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். அப்போது அவர் கொட்டகையில் வெண்டைக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நான் போயிடுவன், நீர் ஆறுதலா வாரும்" என்று சொன்னார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் ஆறு மணிக்குத் திரும்பினேன். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கொட்டகையில் இல்லை, அவருடைய துணிப் பையும் இல்லை. கொக்கியில் டோக்கன் இல்லை. மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குப் போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அவர் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பது வழக்கம். ராஜினிக்குப் போடலாம் என்று நினைத்து, மறதி விஷயம் வெளியே வந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். பெஞ்சுக்கு அடியில் அவருடைய தோல் செருப்பு இருந்தது. சேற்றில் இறங்கும்போது அவர் செருப்பைக் கழற்றி அங்கேதான் விடுவார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "செருப்பையும் மறந்துட்டு போயிட்டாரு மனுசன்" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தேன்.

தோட்டத்துப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுக்கவில்லை. வாழைக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. என் சாவியால் பெட்டியைத் திறந்து, கரண்டைப் போட்டு, பூட்டிவிட்டு, ஆறு இருபதுக்கு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

ஏழு ஐந்துக்கு ராஜினி போன் செய்து, "அங்கிள், அப்பா உங்களோடயா இருக்கார்? போன் எடுக்கலை" என்று கேட்டாள். நீ கூட்டிப்போகவில்லையா என்று கேட்டேன். டாக்டர் தேதியை மாற்றியதால் மூன்றரைக்கே அப்பாவிடம் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும், "அப்ப நான் உனக்குக் கொஞ்சம் மரவள்ளி கிண்டி வைக்கிறன்" என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். நான் போனை வைக்காமலேயே கீழே ஓடினேன்.

தோட்டத்துக்கு வந்தபோது ஏழு இருபத்தைந்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. முதலில் கரண்டை நிறுத்தினேன். அவர் வேலி வாசலில், உள்பக்கமாக, குப்புறக் கிடந்தார். வலது கை கம்பியில் இருந்தது. துணிப் பையில் நான்கு மரவள்ளிக் கிழங்கு, மண் தட்டி வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், உயிர் இல்லை. டோக்கன் அவர் சட்டைப் பையில் இருந்தது. பட்டனும் போட்டிருந்தது.

இனி சொல்வதுதான் முதல் வாக்குமூலத்தில் நான் மறைத்தது. பட்டனைக் கழற்றி டோக்கனை எடுத்தேன். கொட்டகைக்குப் போய் அதைக் கொக்கியில் மாட்டினேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். போலீஸ் வந்ததும், அவர் டோக்கனை எடுக்க மறந்து உள்ளே இறங்கிவிட்டார், நான் வந்தபோது அது கொக்கியில் தொங்கியது, அதனால் உள்ளே ஆள் இல்லை என்று கரண்ட் போட்டேன் என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்ச நாளாகவே மறதி என்றும் சொன்னேன். அமுதவள்ளி ஆமாம் என்றார், அவர் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னார். இரண்டாவது சாவியை மறுநாள் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள பெரிய கால்வாயில் எறிந்தேன். இடத்தைக் காட்டத் தயார்.

ஏன் அப்படிச் செய்தீர் என்ற கேள்விக்குப் பதில்: ஜெயிலுக்குப் பயந்தேன். ராஜினியின் முகத்தைப் பார்க்கவும் பயந்தேன். செத்தவருக்கு இனி என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

நேற்று முன்தினம் பிரிக்ஃபீல்ட்ஸில் எட்டாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் போன பிறகு ராஜினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அங்கிள், அப்பாவுக்கு மறதி எண்டு போலீஸ்ல எழுதியிருக்கு. அப்பாவுக்கு மறதி இல்லை அங்கிள். அந்த ரெண்டு தரமும் டோக்கனை வேணுமெண்டுதான் கொண்டு வந்தவர். எனக்குப் போன்ல சொன்னவர். 'இண்டைக்கு மழை, கரண்ட் போட வேண்டாம் எண்டு சொன்னா ரெங்கசாமி சண்டைக்கு வருவார், மறந்த மாதிரியே இருக்கட்டும்' எண்டு சிரிச்சவர்." பிறகு, "அப்படிப்பட்டவர் அண்டைக்கு மட்டும் எப்படி அங்கிள் மறந்தார்?" என்று என்னைக் கேட்டாள். கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்து, படியிறங்கி, கே.எல். சென்ட்ரல்வரை நடந்து, ரயிலேறிவிட்டேன். மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்த இரண்டு நாளும் மழைதான். உட்கார்ந்து யோசித்தபோது நினைவுக்கு வந்தது.

நேற்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் என் பிரஷர் மாத்திரையை ஒரு வாரத்துக்கு எண்ணிப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

முதல் வாக்குமூலத்தில் மறதி என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் அடித்துவிடும்படி கேட்டேன். பதிவானதை அடிக்க முடியாது, இப்போது சொல்வது அதோடு சேர்க்கப்படும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அப்படியானால் இதை எழுதச் சொன்னேன். சீவரத்தினம் அன்று டோக்கனை எடுத்துக்கொண்டுதான் உள்ளே இறங்கினார். வேலை முடிந்து வாசலுக்கு வந்து கம்பியில் கை வைத்தார். டோக்கன் தன் பையில் இருக்கும்போது கம்பியில் கரண்ட் இருக்காது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அறிந்தவரை பெட்டியைத் திறக்க வேறு சாவி கிடையாது, வெளியே இருந்தவன் நான். இதை ராஜினிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். என்னால் அவளிடம் சொல்ல முடியாது.

பதிவானதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள், முழுதும் கேட்டேன், மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. யாரும் மிரட்டவில்லை, எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. இதில் உள்ளது எல்லாம் உண்மை, முன்பு சொன்னது பொய் என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரெங்கசாமி த/பெ கன்னையா
பதிவு முடிந்த நேரம்: மதியம் 12.45