இடுக்கி யார் கையில் இருந்தது

பெயர் மார்லீஸ் ஸ்ட்ரைடம். வயது நாற்பத்திரண்டு. கணவர் பெயர் வெசல் ஸ்ட்ரைடம். தொழில், பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசை வேலை. விலாசம், அகாசியா தெரு, விட்பேங்க்.

இந்த வாக்குமூலத்தை நானாகவே வந்து கொடுக்கிறேன். என் தம்பி ரூலஃப் நோடே நேற்று வியாழக்கிழமை மாலை என் வீட்டுப் பின்முற்றத்தில் கைது செய்யப்பட்டது பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அவனைக் கைது செய்த சார்ஜென்ட் மாஸிலெலாவே இதை எழுதிக்கொள்கிறார். சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார். சுருக்கமாகச் சொன்னால் விளங்காது என்று நான் சொன்னேன்.

மேற்படி விலாசத்தில் நானும் என் கணவரும் எங்கள் மகள்கள் ஆனெலி, லீஸல் ஆகியோரும் குடியிருந்து வருகிறோம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. என் தம்பி போன குளிர்காலத்தில் வேலை போனதிலிருந்து எங்கள் முற்றத்து வெளி அறையில் இருக்கிறான். கணவர் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு நாலு மணிக்கு வேலை முடியும். நான் ஐந்து மணிக்குப் புறப்பட்டு, நெட்பால் பயிற்சியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் வெளியே நெருப்பு போட்டுக் கறி சுடும் பிராய், மற்ற வீடுகளைப் போலவே சனிக்கிழமைகளில் மட்டும்தான் நடந்து வந்தது. ஜனவரியில் பள்ளி திறந்த வாரம் என் கணவர், இனி திங்கள் முதல் வியாழன் வரை இரவுச் சாப்பாடு தன் பொறுப்பு என்றார். "நாள் பூரா பல் டாக்டர்கிட்ட உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் பல்லக் காட்டிட்டு வர்றே. வந்து அடுப்படியில வேற நிக்கணுமா?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

அதன் பிறகு நான் ஞாயிறு மதியமே நாலு நாளைக்கும் உள்ள கறியை மசாலா தடவிப் பைகளில் தட்டையாகப் போட்டு உறைய வைத்துவிடுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பையை ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால் மாலைக்குள் பதமாக இருக்கும். திங்கள் கோழித்தொடை, செவ்வாய் குச்சியில் குத்திய ஆட்டுக்கறி, புதன் விலா எலும்பு, வியாழன், அரைத்த கறியைக் குடல் தோலில் அடைத்துச் சுருட்டிய வோர்ஸ். உருளைக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றித் தணலிலேயே புதைத்துவிடுவோம். பிள்ளைகள் வெளி மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மின்வெட்டு வந்தாலும் சாப்பாடு நிற்காது. கழுவ நாலைந்து தட்டுகள் மட்டும்தான். கூட வேலை பார்க்கிறவர்கள், "உனக்கென்னடி, ராஜாத்தி" என்றார்கள். நானும் ராஜாத்தி மாதிரிதான் இருந்தேன்.

முதலில் என் மனதில் உறுத்தியது தணல். என் கணவர் நெருப்பு மூட்டுவதை நாலு பேர் சுற்றி நின்று பார்க்க வேண்டும். கட்டை அடுக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும், யாராவது ஒரு யோசனை சொன்னால் சண்டையும் தொடங்கும். தனியாக நெருப்பு மூட்டுகிற மனிதரே அல்ல. ஆனால் இந்த மூன்று மாதமும் நாங்கள் வரும்போது நெருப்பு எரிந்து முடிந்து, தணல் தயாராக, அடுப்புச் செங்கல் எல்லாம் தொட முடியாத சூட்டில் இருக்கும். நாலு துண்டு கோழிக்கு இவ்வளவு நெருப்பு எதற்கு என்று கேட்டேன். "பசியோட வர்றீங்களேன்னு சீக்கிரம் போட்டா அதுக்கும் ஒரு குத்தமா?" என்றார்.

அதன் பிறகு சாம்பல். பக்கத்து வீட்டு மஹ்லாங்கு ஐயா ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் கீரைப் பாத்திக்கு எங்கள் அடுப்புச் சாம்பலை வேலிக்கு மேலாக வாளியில் வாங்கிக்கொள்வது வழக்கம். பிப்ரவரியில் ஒரு நாள் வாளியை நீட்டினார். என் கணவர், சாம்பல் இல்லை, கொட்டியாகிவிட்டது என்றார். மஹ்லாங்கு ஐயா சிரித்துக்கொண்டே, "தெனம் தெனம் நெருப்பு எரியுது, சாம்பல் மட்டும் ஊருக்குப் போயிருச்சா? ஆமா, என்னத்த சுடுறீங்க, டயரையா? எங்க வீட்டுத் திரைச்சீலை எல்லாம் நாறுது" என்றார். என் கணவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை. விலா எலும்பு வெந்துகொண்டிருந்தபோது கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பியது. அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு நாக்கு எரிந்தது. லீஸல் கைதட்டி, "அப்பா, பச்சை நெருப்பு! இன்னொரு தடவை!" என்றாள். உப்பு விழுந்துவிட்டது என்றார் அவர். ஆனெலி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "உப்புன்னா மஞ்சளாத்தான் எரியும்பா. செம்புதான் பச்சை. போன வாரம் லேப்ல பாத்தோம்" என்றாள். அவர் அவளை முறைத்தார். "பெரிய விஞ்ஞானி! போய் ரொட்டிய எடுத்துட்டு வா" என்று உள்ளே விரட்டினார். அந்தக் கறியை நான் அன்று சாப்பிடவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பகுதியில் தெருத் தெருவாக மின்கேபிளை வெட்டிக்கொண்டு போவது நடந்துகொண்டிருந்தது. மேலே உள்ள ரப்பரை எரித்துவிட்டு உள்ளே இருக்கும் செம்பை விற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அது என் கணவர் மேல் வரவில்லை, என் தம்பி மேல் வந்தது. பகல் முழுவதும் வீட்டில் இருப்பவன் அவன், வேலை இல்லாதவனும் அவன். அவன் வெளியே போயிருந்தபோது அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனிடமே நேராகக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "அக்கா, நான் சாலட் போடுற ஆளுக்கா. தீப்பெட்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

இதை நான் விளக்க வேண்டும். என் கணவர் அவனைச் 'சாலட் மந்திரி' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் கல்யாணமான புதிதில் அவன் எங்கள் அம்மா வீட்டில் ஒருமுறை பிராய் போட முயன்றபோது, கறி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் வந்தது. அன்றிலிருந்து ஆண்கள் நெருப்பைச் சுற்றி நிற்கும்போது அவன் மட்டும் உள்ளே பெண்களோடு வெள்ளரிக்காய் நறுக்குவான். என் கணவரோ தன் நெருப்பில் தன் அப்பாவுக்குக்கூடக் கறி புரட்டும் இடுக்கியைக் கொடுத்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று மாமனார் முள்கரண்டியால் வோர்ஸைக் குத்திவிட்டார். சாறெல்லாம் வடிந்துவிட்டது என்று பெற்ற அப்பாவையே சத்தம் போட்டார். மாமனார் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு முன்பு எங்கள் தெருவின் கேபிளும் போய்விட்டது. வழக்கமான மின்வெட்டு என்றுதான் எல்லோரும் இருந்துவிட்டோம். மஹ்லாங்கு ஐயாவின் மனைவி மூச்சுக்கு மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவர். மின்வெட்டு நேரம் முடிந்தால் மின்சாரம் வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அந்த அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார். அதன் பிறகு மஹ்லாங்கு ஐயா வேலிப் பக்கம் வரவே இல்லை.

நேற்று நான் வழக்கம்போல் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தேன். வோர்ஸ் கம்பி வலையில் இருந்தது. ரூலஃப் வெள்ளரிக்காய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தான். அப்போது போலீஸ் வண்டி எங்கள் கேட்டில் நின்றது. என் கணவர் எட்டிப் பார்த்தார். பார்த்த கையோடு ரூலஃபிடம் இருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இடுக்கியை அவன் கையில் திணித்தார். "இந்தா மச்சான், இன்னைக்கு நீ புடி" என்றார். காதருகே போய் வேறு ஏதோ சொன்னார், அது எனக்குக் கேட்கவில்லை. ரூலஃப் முகம் வெளுத்துவிட்டது.

சார்ஜென்ட் மாஸிலெலா உள்ளே வந்து, ரப்பர் எரிக்கும் நாற்றம் பற்றிப் புகார் வந்திருப்பதாகச் சொல்லி, "இது யார் நெருப்பு?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இதற்குப் பதில் சொல்லவே வேண்டாம். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் நெருப்பு. என் கணவர், "அவன் கையில என்ன இருக்குன்னு பாருங்க சார். மூணு மாசமா இவன்தான் போடுறான்" என்றார். சார்ஜென்ட் ரூலஃபைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமா சார், என்னோடதுதான்" என்றான். சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் இருந்த முள்கரண்டியை எடுத்து வோர்ஸைக் குத்தினான். சாறு வடிந்து நெருப்பு குப்பென்று எழும்பியது. அவன் மறுபடியும் குத்தினான்.

அப்போது சார்ஜென்ட் தன்னையும் மறந்து, "அட, குத்தாதேப்பா!" என்றார். நான் இதைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். அதுதான் வழக்கு என்று நான் சொன்னேன். மூன்று மாதமாக நெருப்பு போடுகிறவன் வோர்ஸைக் குத்துவானா என்று அவரைக் கேட்டேன். அவர் அந்த வார்த்தையை எழுதினார்.

பெற்ற அப்பாவை விரட்டிய என் கணவர் அப்போது என்ன செய்தார் என்பதையும் சொல்கிறேன். சாலட் கிண்ணத்தைப் பிடித்தபடி, வோர்ஸ் குத்துப்படுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. பாவி, என் தம்பியை என் கண் முன்னாலேயே கொடுத்துவிட்டார். நான் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் அவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இன்று காலை கணவர் வேலைக்குப் போன பிறகு நான் அடுப்புச் சாம்பலைக் கிளறினேன். செங்கல் இடுக்குகளில் செம்பு உருகி மணி மணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் பெயர்த்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். கேபிளை வெட்டியது யார், எங்கே விற்றார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, இங்கே வந்ததும், ரூலஃபைப் பார்க்க என்னை அனுமதித்தார்கள். காதில் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பிள்ளைங்களுக்கு அப்பன் வேணும், உனக்குப் பொண்டாட்டியா புள்ளையா" என்று சொன்னாராம். நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "வேணாங்கா. அத்தான் சொன்னது சரிதானே. எனக்காக யாரு காத்திருக்கா? நீ வீட்டுக்குப் போ" என்றான். நான் காத்திருக்கிறேன், தடியா, என்று சொன்னேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான்.

என் பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சின்னவளுக்கு அவர் என்றால் உயிர். தினமும் மாலை எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இந்த மூன்று மாதத்தைப் போல நாங்கள் ஒருபோதும் சந்தோஷமாக இருந்ததில்லை. அது எதற்காக நடந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி அந்த அடுப்பில் நான் எதையும் வைக்க மாட்டேன்.

இது யார் நெருப்பு என்று நேற்றுக் கேட்ட அதே கேள்வியைச் சார்ஜென்ட் பதிவுக்காக மறுபடியும் கேட்டார். அது என் கணவர் வெசல் ஸ்ட்ரைடமின் நெருப்பு. பதினாறு வருடத்தில் அவர் கையிலிருந்து இடுக்கி ஒரே ஒரு முறைதான் இறங்கியது.

அந்த இடுக்கியையும் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ மேசையில் வைத்திருக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை ஆனாலும் அவர் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடப்போவது இதைத்தான். அதற்கு முன்னால் நீங்கள் அங்கே போய்விடுங்கள், பிள்ளைகளை நான் ஆறு மணி வரை வீட்டுக்குக் கூட்டி வர மாட்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் உள்ளது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அத்தனையும் சத்தியம்.

ஒப்பம்,
மார்லீஸ் ஸ்ட்ரைடம்

என் முன்பாக,
சார்ஜென்ட் மாஸிலெலா