மெதுவாக இறுகும் ரகம்

சிமெண்டில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை, ஐயா. இடம் தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. சீக்கிரம் இறுகும் ரகம் ஒன்று. சாம்பல் கலந்த, மெதுவாக இறுகும் ரகம் இன்னொன்று. பூச்சு வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் கொடுப்பேன். அதில் வெடிப்பு குறைவு, நாள் ஆக ஆகப் பலமும் கூடும். பதறாத காரியம் சிதறாது என்பது சிமெண்டுக்கும் பொருந்தும். கான்கிரீட் தளத்துக்கும் போடலாம், அதை அடியில் தாங்கும் முட்டுக் கம்புகளைப் பிரிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தால் போதும். நீங்கள் ஆய்வுக்கு அனுப்பிய மூட்டையில் ஒரு குறையும் இருந்திருக்காது. நான் கலப்படம் செய்கிறவன் இல்லை.

என் மாப்பிள்ளை அவசரக்காரர். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு அது ஒரு வியாதி. தளம் போட்டு ஒரு வாரம் ஆனதும் கம்புகளைக் கழற்றி அடுத்த வேலைக்கு ஏற்றிவிடுவார். சீக்கிரம் இறுகும் ரகம் என்பதால் இதுவரை தப்பித்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு. தளத்துக்கு அடியில் நின்று அவரேதான் கம்புகளைத் தட்டுவார். "நானே நிக்கிறேன், உங்களுக்கென்னய்யா பயம்" என்பார் ஆட்களிடம். நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை.

என் மனைவி போன பிறகு எனக்கு மகள்தான் எல்லாம். கல்யாணத்துக்கு அப்புறமும் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். நான் கடைக்குக் கிளம்பும்போது, "கண்ணாடி எடுத்தீங்களாப்பா?" என்று மேலிருந்து கேட்பாள். அதைக் கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடாது. ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "இந்த வேலை முடிஞ்சதும் நாங்க வேற ஊருக்குப் போயிடலாம்னு இருக்கோம் மாமா. எலி வளைன்னாலும் தனி வளை வேணும்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வேலை ஒரு பெரிய வீடு. வாசலில் கார் நிறுத்த, தூணே இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். அவர் கேட்டது சீக்கிரம் இறுகும் ரகம். நான் அனுப்பியது மற்றது. அதே கம்பெனி, அதே நிற மூட்டை. என்ன ரகம் என்று மூட்டைமேலேயே அச்சடித்திருக்கிறது. அவர் படிக்காதது என் குற்றமா?

அதைப் படித்தவர் ஒருவர் உண்டு, மாப்பிள்ளையின் மேஸ்திரி. கலவை போடுவதற்கு முன்னால் கடைக்குப் போன் செய்தார். "அண்ணே, இது மெதுவா இறுகுற சரக்காச்சே. இந்தத் தளத்துக்கு இதையா போடச் சொன்னாங்க?"

"மாப்பிள்ளை சொல்லித்தான் மாத்தினேன். நீங்க போடுங்க" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மாமனாரே சொன்ன பிறகு அவர் ஏன் மேலே கேட்கப்போகிறார்?

அந்த வாரம் முழுக்க மழையும் குளிரும். குளிரில் அந்த ரகம் இன்னும் சோம்பிக் கிடக்கும். எனக்குத் தூக்கமே இல்லை. இந்த ஒரு முறை அவர் பொறுமையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலை.

கம்பு பிரிக்கிற அன்று நானும் போனேன். தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன். மாப்பிள்ளை சுத்தியலோடு தளத்துக்கு அடியில் நின்றார், பக்கத்தில் மேஸ்திரி. "வாங்க மாமா, உள்ள வந்து பாருங்க" என்றார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றேன். முனையில் இருந்த கம்பு விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததும் விழுந்தது. தளம் அப்படியே நின்றது.

அப்போது என் மகள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, நேராகத் தளத்துக்கு அடியில் நுழையப் போனாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது, ஐயா. "உள்ள போகாதம்மா, இங்க வா" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு மாப்பிள்ளை சுத்தியலை இறக்கிவிட்டார். அவள் தெருவைக் கடந்து வந்து சேரும்வரை காத்திருந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா இப்படிப் பயப்படுறீங்க?" என்று சிரித்தார். அவர் திரும்பி அடுத்த கம்பைத் தட்டினார்.

தளம் அப்படியே அவர்கள்மேல் இறங்கியது. மாப்பிள்ளை, மேஸ்திரி இருவருமே அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். மேஸ்திரியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்.

ஊரெல்லாம் மாப்பிள்ளையின் அவசரத்தைத்தான் குறை சொன்னது. உங்களிடம் புகார் கொடுக்க வந்தது என் மகள்தான் என்கிறீர்கள். "அப்பா என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்?" என்று கேட்டாளாம். விழும் என்று தெரியும், அதனால் கூப்பிட்டேன். விழ வேண்டும் என்றுதான் அந்த மூட்டைகளை அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா. மாடியைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன், கோபம் ஆறியதும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இனி அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை.