தொந்திக்காரனைத் தாண்டிய பையன்

புத்தி கெட்டுப்போய்த்தான் நாற்பத்தைந்து வயதில் கல்லூரிப் பையன்களோடு கால்பந்து ஆட இறங்கினேன். மறுவாரம், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதிக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த இருவர் போனில் அந்த ஆட்டத்தின் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கிளப்புக்கு ஆள் எடுப்பவர்கள்.

"பையன் என்னமா பாயுறான் பாருங்கண்ணே! இருக்கறது ஒரே எடம். இவனுக்கே குடுத்திருவோம்."

"ஐயோ செல்வம், எத்தன தடவ சொல்றது? அந்தத் தொந்திக்காரனத் தாண்டறது ஒரு பாய்ச்சலா? நெரிசல்ல நிக்கிற இந்த பஸ்ஸே அவனத் தாண்டிரும்!"

"அவரும் ஒரு காலத்துல பெரிய ஆட்டக்காரரா இருந்திருப்பாருண்ணே."

பையனுக்காக மனம் பொறுக்காமல் நான் முன்னால் சாய்ந்து சொன்னேன்: "அது நான்தாங்க. அன்னைக்கு முழு மூச்சாத்தான் ஓடினேன்."

மூத்தவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப பையன் வேணாம்."