யசீகரனைச் சட்டப்படி அப்பாவாக்கிய பத்மாவதி அம்மையாருக்கு

ஐயம் தீர்க்க வருபவரையே ஐயுற்று நோக்கும் அருந்திறலே, மனுகாவ் அலுவலகத்தின் மாடியேறி வருவோரை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அளந்து பார்க்கும் மதிநுட்பமே, குடும்பச் சட்டப் பிரிவின் குன்றாத சுடரே, சட்டத்தரணி பத்மாவதி அம்மையாரே, வணக்கம்.

இந்த மடலையும் நீங்கள் நம்பப் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பாராட்ட வாயெடுத்தால், "என்ன, லீவு வேணுமோ?" என்று கேட்பவர் நீங்கள். ஆகவே பொறுமை, பெருமை, கடமை என்று அடுக்காமல், நீங்கள் நடத்திய ஒரு வழக்கைச் சொல்லியே எங்கள் அன்பை நிறுவ முயல்கிறோம்.

ஆக்லாந்தின் லின்ஃபீல்டிலிருந்து யசீகரன் என்ற மின்வேலைக்காரர் வந்தார். பாங்கொக்கில் அகதியாக இருந்த காலத்தில் மாலி என்ற தாய்லாந்துப் பெண்ணைக் கோயிலில் தாலி கட்டி மணந்தவர். பின்பு அவர் ஆக்லாந்துக்கு வர, இடையில் கடலும் மனத்தாங்கலும் புகுந்துகொண்டன. ஏழு வயது மகள் பிரணவி தாயோடு அங்கே. ஆண்டுக்கொரு முறை போய்ப் பார்ப்பவர், பள்ளி விடுமுறைக்காவது அவளை இங்கே கூட்டிவர ஆசைப்பட்டார். அதற்கு அவர் சட்டப்படி தகப்பனாக இருக்க வேண்டும்.

"தாய்லாந்துப் பிள்ளைக்குப் பிரணவி எண்டு பேரோ? சரி, கலியாணம் பதிஞ்சனீங்களோ?" என்றீர்கள்.

"ஐயரே வந்து கட்டிவைச்சவர் அம்மா. பிறப்புச் சான்றிதழிலையும் என்ரை பேர் கிடக்கு. இதுக்கு மேலை என்ன?"

"அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஐயர் காணாது தம்பி."

பதியாத மணத்தில் பிறந்த பிள்ளைக்கு அங்கே தாய் மட்டுமே சட்டப்படி பெற்றவர். சான்றிதழில் பெயர் இருந்தாலும் தகப்பன் வழிப்போக்கன்தான். இனி மணப்பதிவு செய்ய மாலி ஒப்பவில்லை. ஆனால் பிள்ளைக்கு அவர் தகப்பனாவதை மறுக்கவுமில்லை. அப்படியானால் தாயும் பிள்ளையும் வட்டார அலுவலகத்தில் நேரில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம்.

மாலி வருவாரா என்று நீங்கள் ஐயுற்றீர்கள். பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார்களோ என்று மாலி ஐயுற்றார். யசீகரனின் ஐயமோ இரண்டையும் விடக் கொடிது: கைபேசித் திரையில் வளர்ந்த மகள், அதிகாரி கேட்கும்போது வாய் திறக்காமல் நின்றுவிட்டால்?

பயந்துபோன தமிழ்த் தகப்பன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்விப்பான். உங்களுக்குத் தெரியாமல், காலையும் மாலையும் தொலைபேசியில், தாய்லாந்து மொழியில், ஏற்ற இறக்கத்தோடு பழக்கினார். மாலி பிள்ளையோடு வட்டார அலுவலகத்துக்கு வந்தார். அங்கே அதிகாரி, "உன் பெயர் என்ன, பிள்ளை?" என்று கேட்டதுதான் தாமதம், பிரணவி கைகூப்பி, தன் அன்புத் தந்தையைத் தான் முழுமனதோடு ஏற்பதை மூச்சுவிடாமல் ஒப்பித்து, மறுபடி கைகூப்பி முடித்தாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். சொல்லிக்கொடுத்த சம்மதத்தைப் பதிய முடியாது, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்.

"பேச்சுப்போட்டிக்கே ஐசே பிள்ளையை விட்டனீர்?" என்று நீங்கள் தொலைபேசியில் கேட்டது கீழ்மாடிக்கும் கேட்டது.

வழக்கு நாளுக்கு நீங்களே லீவு எடுத்தீர்கள். "மேடம், பாங்கொக் கேஸுக்குத்தானே போறீங்க?" என்று நம் அலுவலக வைஷாலி கேட்க, "பீச்சுக்கு. யசீகரனை நம்பேலாது எண்டது வேறை விசயம்," என்றீர்கள். கடற்கரைக்குக் கறுப்புக் கோட்டு எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

பாங்கொக்கில் நீதிமன்ற அலுவலர் பிரணவியை மட்டும் அறைக்குள் அழைத்தார். கதவு மூடியது. யசீகரன் வெளியே நின்றார். இம்முறை ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று நீங்கள் தடுத்திருந்தீர்கள். கையில் ஒன்றுமில்லாத பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டதாகவே அவருக்குப் பட்டது.

உள்ளே நடந்ததை, அலுவலரின் அறிக்கையைப் படித்த அங்குள்ள வழக்கறிஞர் பிறகு சொன்னார். வெளியே இருப்பவர் யார் என்று கேட்டதும் பிரணவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். "இன்னும் நேரமாகுமா? இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பா இறைச்சி தொடமாட்டார். கீழே கடையில் பன்றி மட்டும்தான் இருக்கிறது. பசி வந்தால் அவருக்குக் கோபம் வரும், நான்தான் போய் ஏதாவது தேட வேண்டும்," என்றாளாம்.

அலுவலர் அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். நீதிமன்றம் யசீகரனைத் தகப்பன் என்று தீர்த்தது. அவர் சுவரில் சாய்ந்து அழுதார். எங்கள் அம்மையாரே, கைபேசியை எடுத்து அன்று மெய்யாகவே வெள்ளிக்கிழமைதானா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் நீங்கள் கண்ணைத் துடைத்தீர்களாம்.

தெளிந்த கண்ணும், தேயாத முழங்காலும், எவரையும் எளிதில் நம்பாத இந்த நல்ல மனமும் உங்களுக்கு நெடுங்காலம் நிலைக்கட்டும். இம்மடலை உங்கள் கையில் தரவிருப்பவள், விடுமுறைக்குத் தகப்பனிடம் வந்திருக்கும் பிரணவி. பள்ளி தொடங்குமுன் அவள் மாலியிடம் சேர்ந்துவிடுவாள். திரும்பும் விமானச்சீட்டை நாங்கள் வாங்கிப் பார்த்துவிட்டோம். விமான நிறுவனத்துக்கும் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட்டோம்.

இங்ஙனம்,
இன்னும் உங்கள் நம்பிக்கையைப் பெற முயலும்
அலுவலக ஊழியர்கள்,
மனுகாவ், ஆக்லாந்து.